நன்றாகத்தான் பல் தேய்க்கிறேன், ஈறோரம் ஏன் சொத்தை?

கேள்வி: எனக்கு 58 வயது. திருநெல்வேலி பக்கம் கிராமம். 14 வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை. பாதம் எரிகிறது என்று சொன்னதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. இரவில் போடச் சொன்னார்கள். விடியற்காலைத் தும்மலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்றும் தினம் போடுகிறேன். அட்டையில் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்று இருக்கிறது. ஒரு வருடமாக வாய் காய்ந்து போகிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, காரம் பட்டால் எரிகிறது. பகலில் எலுமிச்சை மிட்டாய் ஆறு, ஏழு அடக்கிக்கொள்கிறேன். காலையும் இரவும் பல் தேய்த்தும் ஐந்து பற்களில் ஈறோரம் கறுத்துச் சொத்தை விழுந்துவிட்டது. கீழ் முன்பல்லும் அதில் ஒன்று. அடைத்த ஒரு பல்லில் சிமென்ட் ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.9. இதெல்லாம் சர்க்கரையால்தானா? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? எண்ணெய் கொப்பளித்தால் சரியாகுமா? பேசாமல் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்டிக்கொண்டால் என்ன?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் முதலில் பட்டது: கீழ் முன்பல்லில் சொத்தை. வாயிலேயே சொத்தை அரிதாக விழும் இடம் அதுதான். நாக்கை மேலே தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நாக்கை அடியில் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்பின் இரு பக்கமும், கீழ் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு சின்னப் புடைப்புகள் தெரியும். தாடைக்கடியில் இருக்கும் இரண்டு எச்சில் சுரப்பிகளின் குழாய் வாய்கள் அவை. சாப்பிடாமல் சும்மா இருக்கும் நேரத்தில் வாயில் ஊறும் எச்சிலில் பாதிக்கு மேல் இந்த இரண்டு துவாரங்கள் வழியாகத்தான் வருகிறது. அதனால் கீழ் முன்பற்கள் எப்போதும் எச்சிலில் நனைந்தே இருக்கும். அங்கே காரை படியும், சொத்தை விழாது. உங்களுக்கு அந்த இடத்திலேயே சொத்தை விழுந்திருக்கிறது என்றால், பல் தேய்ப்பதில் குறை தேட வேண்டாம். எச்சில் நின்றுபோயிருக்கிறது, அல்லது மிகவும் குறைந்திருக்கிறது. ஐந்து சொத்தைக்கும் பெயர்ந்த சிமென்ட்டுக்கும் நாக்கு எரிச்சலுக்கும் காரணம் ஒன்றே.

வாய் காய்கிறது என்றால் தண்ணீர் குடித்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எச்சிலில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பது உண்மைதான். பல்லைக் காப்பதெல்லாம் மீதியுள்ள அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான சரக்கு.

அதில் பைகார்பனேட் இருக்கிறது. நாம் எதைச் சாப்பிட்டாலும் பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்கும். சாப்பிட்ட ஐந்து, பத்து நிமிடத்துக்குள் பல் மேல் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 7-க்குப் பக்கத்திலிருந்து 5-க்கும் கீழே இறங்கிவிடும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. நல்ல எச்சில் இருந்தால் பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மறுபடி போய்ப் படியும். ஆக, பல் தினமும் கொஞ்சம் கரைகிறது, தினமும் கொஞ்சம் கட்டிக்கொள்கிறது. கட்டுவது நின்றுபோனால் மிஞ்சுவது கரைவது மட்டும்.

அடுத்தது மியூசின் என்னும் வழவழப்பான புரதம். பல்லின் மேலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அது படர்ந்திருக்கும். காரம் நேராகத் தோலில் படாமல், நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது இந்தப் படலம். இன்னொரு பக்கம் லைசோசைம், லாக்டோஃபெரின், ஐஜிஏ போன்றவை கிருமிகளை அடக்கி வைக்கின்றன. ஹிஸ்டாட்டின் என்ற புரதம் குறிப்பாகப் பூஞ்சையைப் பிடித்து வைக்கிறது. இவையெல்லாம் குழாய்த் தண்ணீரில் ஏது? அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் மிச்சமிருக்கும் மியூசின் படலமும் கழுவிக்கொண்டு போய்விடும். சிலருக்குத் தண்ணீர் குடித்த ஐந்தாவது நிமிடமே வாய் முன்னைவிட வறண்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஈறோரத்தில் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வயதானால் ஈறு கொஞ்சம் கீழே இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும். வேரின் மேல் எனாமல் கிடையாது, அதைவிட மென்மையான டென்டின்தான். எனாமலில் எடைக்கு 96 சதவீதம் தாது. டென்டினில் சுமார் 70 சதவீதம். எனாமல் 5.5-இல் கரையும் என்றால் வேர் 6.2 முதல் 6.7-க்குள்ளேயே கரையத் தொடங்கிவிடும். ஒரு வாய் காபி போதும் அந்த அளவுக்கு இறங்க. எச்சில் உள்ளவர்களுக்கே வேர்ச் சொத்தை தலைவலி என்றால், எச்சில் இல்லாத வாயில் கேட்கவே வேண்டாம்.

இப்போது எலுமிச்சை மிட்டாய்க்கு வருவோம். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உங்கள் பல்லுக்கு இன்று பெரிய எதிரி அதுதான். புளிப்பு எச்சிலை ஊற வைக்கும் என்பது சரி. ஆனால் அதில் சர்க்கரையும் இருக்கிறது, சிட்ரிக் அமிலமும் இருக்கிறது. சிட்ரிக் அமிலம் பல்லிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. எச்சில் குறைந்த வாயில் ஒவ்வொரு மிட்டாய்க்குப் பிறகும் அமிலம் அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆறு மிட்டாய் என்றால் விழித்திருக்கும் நேரத்தில் ஆறு மணி நேரம் பல் அமிலத்தில் ஊறிக் கிடக்கிறது. எச்பிஏ1சி 8.9-இல் இருக்கும்போது சர்க்கரை மிட்டாய் அடக்குவது இன்னொரு கதை. இன்றே நிறுத்துங்கள். பனங்கற்கண்டு, தேன் மிட்டாய், நெல்லிக்காய் ஊறல், எலுமிச்சைத் துண்டு என்று மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். முதல் இரண்டும் சர்க்கரை, மற்ற இரண்டும் புளிப்பு.

காரணம் சர்க்கரையா, மாத்திரையா? இரண்டும். ஆனால் சம பங்கு இல்லை என்பது என் கணிப்பு. சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது, வாய் காய்வது ஒரு வருடமாகத்தான். சர்க்கரை கூடினால் சிறுநீர் அதிகம் போய் உடம்பில் நீர் குறையும். நாள்பட்டால் சுரப்பிக்குப் போகும் நரம்பும் மந்தமாகும். ஆனால் நாள்கணக்குப்படி பார்த்தால், அமிட்ரிப்டிலின் தொடங்கிய ஆறு மாதத்தில் வறட்சி வந்திருக்கிறது. எச்சில் சுரப்பிக்கு 'சுர' என்று நரம்பு சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருள் வழியாக. அமிட்ரிப்டிலின் அந்தப் பொருள் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. நீங்கள் மருந்துக்கடையில் வாங்கும் தும்மல் மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமினும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரஷர் மாத்திரையில் சேர்ந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். தனியாக ஒன்று மட்டும் என்றால் பலருக்கு அவ்வளவாகத் தெரியாது. மூன்றும் கூடும்போது நிலை மோசமாகிறது. எச்சில் வழக்கமான அளவில் பாதியாகக் குறையும்வரை வாய் காய்வது பெரும்பாலும் உறைப்பதே இல்லை. நீங்கள் உணர்ந்த நாளிலேயே பாதி போயிருக்கும்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. மாத்திரையால் வரும் வறட்சியில் சுரப்பி சாவதில்லை, அதன் வாயை அடைத்து வைத்த மாதிரிதான். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குச் சுரக்கும் செல்களே அழிந்துவிடுகின்றன, அது திரும்புவது கடினம். உங்களுடையது திரும்பக்கூடிய வகை.

ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று தும்மல் மாத்திரை. யாரும் எழுதித் தராமல் நீங்களே வாங்கிப் போடுவது அது. அதிலிருக்கும் பினைல்எப்ரின் பிரஷரைக் கூட்டும் பொருளும்கூட. பிரஷர் உள்ளவர்கள் தினமும் போடக் கூடாத சேர்க்கை. தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே போன்ற வழிகள் இருக்கின்றன, காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேளுங்கள். அமிட்ரிப்டிலினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், படபடப்பு வரும், பாத எரிச்சலும் திரும்பும். உங்கள் மருந்துகள் எல்லாவற்றையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சர்க்கரை மருத்துவரிடம் போங்கள். "டாக்டர், இந்த நரம்பு மாத்திரை ஆரம்பித்த பிறகு வாய் வறண்டு ஐந்து பல் சொத்தையாகிவிட்டது. அளவைக் குறைக்கலாமா, வேறு மாற்றலாமா?" என்று நேராகக் கேளுங்கள். பாத எரிச்சலுக்கு பிரெகாபலின், கபாபென்டின், டுலாக்ஸெட்டின் போன்றவை உண்டு. அவற்றிலும் சிலருக்கு வாய் காயும், ஆனால் பெரும்பாலும் அமிட்ரிப்டிலின் அளவுக்கு இல்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எது பொருந்தும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். "வாய் காய்கிறது" என்று மட்டும் சொன்னால் "தண்ணீர் குடிங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். பல் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போகும் முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொண்டால் பேச்சுக்கு எடை கூடும். காலையில், குறைந்தது ஒன்றரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் தேய்க்காமல் இருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயிலுள்ளதை ஒரு முறை விழுங்கிவிட்டு, நேரம் பார்த்துத் தொடங்குங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, மெல்லாமல், பேசாமல், நாக்கை அசைக்காமல், ஊறுவதை ஒரு சின்ன டம்ளரில் வழியவிடுங்கள். வேண்டுமென்று காறித் துப்பக் கூடாது, அது கூடுதலாகக் காட்டும். சரியாக 15 நிமிடம். பிறகு ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி அளவு பாருங்கள். நுரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மி.லி. ஊறும், அதாவது 15 நிமிடத்தில் 4.5 முதல் 6 மி.லி. உங்களுக்கு 1.5 மி.லி.-க்குக் கீழே வந்தால், நிமிடத்துக்கு 0.1 மி.லி. கூட இல்லை என்று பொருள். மருத்துவர்கள் எச்சில் சுரப்புக் குறைவு என்று வரையறுக்கும் எல்லை அதுதான். தேதி போட்டு எழுதி வையுங்கள். மருந்து மாற்றிய இரண்டு மாதம் கழித்து அதே நேரத்தில், அதே முறையில் மறுபடி எடுத்தால் முன்னேற்றம் எண்ணிலேயே தெரியும்.

எண்ணைத் தவிர, பல் மருத்துவர் கண்ணால் பார்ப்பதும் உண்டு. வாய்க்குள் விடும் கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறதா, நாக்கடியில் எச்சில் குளம் கட்டியிருக்கிறதா அல்லது வெறும் நுரைதானா, நாக்கின் மேல் சொரசொரப்பு போய் வழுவழுவென்று, பிளவு பிளவாக இருக்கிறதா. இத்தனையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை என்றால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூங்கும்போது ஆரோக்கியமானவர்களுக்கே எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். உங்களுக்கு அதே நேரத்தில் அமிட்ரிப்டிலினும் வேலை செய்கிறது. ஆகவே இரவு பல் தேய்த்தபின் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. பாலும் கூடாது, பால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் பல் தேய்ப்பதற்கு முன் குடித்துவிடுங்கள். தாழ்சர்க்கரை வந்தால் மட்டும் விதிவிலக்கு, அப்போது பல்லைப் பார்க்காமல் சர்க்கரை சாப்பிடத்தான் வேண்டும், பிறகு வாய் கொப்பளித்துக்கொள்ளலாம்.

பேஸ்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை. பேஸ்ட் குழாயில் ஃபுளோரைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் 1000 பிபிஎம் வரைதான் அனுமதி. அந்த அளவுக்குப் பக்கத்தில் உள்ளதாக வாங்குங்கள். மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. மற்றவர்களுக்கு எப்படியோ, உங்கள் நிலையில் அது போதாது. உமிக்கரி, செங்கல் பொடி, கரகரப்பான பல்பொடி எதுவும் வேரில் படக் கூடாது, தேய்த்தே பள்ளம் விழுந்துவிடும். நுரை அதிகம் வரும் பேஸ்ட்டில் சோடியம் லாரில் சல்பேட் இருக்கும், காய்ந்த வாயை அது எரிக்கும். அது இல்லாததாகக் கிடைத்தால் நல்லது.

மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிடம். முடித்ததும் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். இந்த ஒன்று நம் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை, வாயெல்லாம் பேஸ்ட் வாசத்தோடு படுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கொப்பளித்தால் ஃபுளோரைடு தண்ணீரோடு போய்விடுகிறது. இரவு முழுதும் பல்லோடு அது இருந்தால்தான் பயன். ஒரு வாரத்தில் பழகிவிடும். புளிப்பாக எதையாவது சாப்பிட்டிருந்தால் பல் தேய்க்க ஒரு மணி நேரமாவது பொறுங்கள். அமிலத்தில் இளகியிருக்கும் பல்லைத் தேய்த்தால் தேய்மானம்தான். அதுவரை சோடாத் தண்ணீரில் கொப்பளிக்கலாம்: ஒரு டம்ளர், சுமார் 240 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் அல்ல, அதில் அமிலமும் கலந்திருக்கும். பிரஷர் உள்ளவர் என்பதால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். இது எச்சிலில் குறைந்துபோன பைகார்பனேட்டை வெளியிலிருந்து கொடுப்பது போலத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் செய்யலாம். கடையில் விற்கும் மவுத்வாஷில் ஆல்கஹால் சேர்ந்தவை வாயை மேலும் காய வைக்கும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் பல் மருத்துவர் சொன்ன நாள்வரைதான், தொடர்ந்து போட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

பகலில் வாய் காயும்போது மிட்டாய்க்குப் பதில் என்ன செய்வது? சர்க்கரை இல்லாத சூயிங்கம், சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்ந்தது கிடைத்தால் அதுதான் சிறந்தது. சாப்பிட்டபின் 10 முதல் 20 நிமிடம் மெல்லுங்கள். மெல்லும் அசைவே காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியைத் தூண்டும். மெல்லும்போது ஊறும் எச்சிலில் பைகார்பனேட்டும் கூடுதல், அதனால் அமிலத்தை முறிக்கும் சக்தியும் கூடுதல். தாடை வலித்தால் நிறுத்திவிடுங்கள், அளவு மீறினால் வயிறு இளகும். வீட்டில் நாய் இருந்தால் அதன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம். கம் பிடிக்கவில்லை என்றால் சர்க்கரைப் பூச்சு இல்லாத வெறும் சோம்பு கொஞ்சம், வெள்ளரிக்காய், கேரட் போன்றவற்றை மெல்லுங்கள்.

வெற்றிலை பாக்கு போட்டால் எச்சில் ஊறுமே என்று யாராவது சொல்லுவார்கள். ஊறும். அமிட்ரிப்டிலின் எச்சில் சுரப்பியில் போட்டுவைக்கும் அதே பூட்டைத்தான் பாக்கில் உள்ள அரிகோலின் திறக்கிறது. ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோயும் அதனால்தான். காய்ந்த, மெலிந்த தோல் உள்ள வாயில் அதைப் போடுவது வேண்டவே வேண்டாம். அந்தப் பூட்டைப் பாதுகாப்பாகத் திறக்கும் மருந்து பைலோகார்பின், 5 மி.கி. மாத்திரை. வியர்த்துக் கொட்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் சில வகைக் கண் நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. ஒரு மாத்திரை பூட்ட, இன்னொரு மாத்திரை திறக்க என்று போவதைவிட, பூட்டும் மாத்திரையைக் குறைப்பதுதான் உங்களுக்கு முதல் வழி.

தண்ணீரை அடிக்கடி ஒரு வாய் எடுத்து, வாயில் சுழற்றி, மெதுவாக விழுங்குங்கள். மடமடவென்று அரை பாட்டில் குடிப்பதால் வாய்க்கு லாபமில்லை, ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதுதான் மிச்சம். உங்கள் மூன்று தடவையில் எத்தனை தாகத்தால், எத்தனை சிறுநீரால் என்றும் கவனியுங்கள். சிறுநீரால் என்றால் அது எச்பிஏ1சி 8.9-இன் வேலை. படுக்கும் முன் செயற்கை எச்சில் ஜெல், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கலந்தது, கடலை அளவு எடுத்து நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் விரலால் தடவிக்கொள்ளுங்கள். சொந்தப் பல் உள்ளவர்கள் அமிலத்தன்மை இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும், எலுமிச்சை வாசனை உள்ளதைத் தவிருங்கள். மூக்கடைப்பால் வாய் திறந்து தூங்குகிறீர்களா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தும்மலோடு அதற்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்கலாம். ஃபேன் நேராக முகத்தில் அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடுவதும் உதவும்.

எண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றி: காய்ந்த தோலுக்கு நல்லெண்ணெய் கொஞ்ச நேரம் வழவழப்புத் தரும், அந்த அளவில் நல்லதுதான். சுரப்பியைச் சுரக்க வைக்காது, கரைந்த பல்லைக் கட்டாது. ஃபுளோரைடு பேஸ்ட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். செய்வதானால் உட்கார்ந்து செய்யுங்கள், படுத்துக்கொண்டு வேண்டாம். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் தனி வகை நிமோனியாவே வரும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் போதும்: எத்தனை தடவை என்பதைக் குறையுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டோடு காபியையும் சேர்த்துக் குடித்துவிடுங்கள், சர்க்கரை இல்லாமல். நடுநடுவே ஒரு வாய் காபி, ஒரு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் என்று போனால் ஒவ்வொன்றும் அமிலக் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கும். சர்க்கரை மருத்துவர் இடைவேளை உணவு சொல்லியிருந்தால் அதை விட வேண்டாம், வேர்க்கடலையோ சுண்டலோ எடுத்துக்கொள்ளுங்கள். மோரும் தயிரும் புளித்தாலும் அவ்வளவு கெடுதல் இல்லை, அவற்றிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் இருப்பதால். புளிக்குழம்பைவிட மோர்க்குழம்பு உங்கள் நாக்கு எரிச்சலுக்கும் இதம்.

எரிச்சலைப் பற்றி இன்னொன்று. கடைவாய் ஓரம் வெடித்துப் புண்ணாகியிருக்கிறதா, நாக்கு செக்கச்செவேலென்று இருக்கிறதா, துடைத்தால் வரும் வெள்ளைப் படலம் உண்டா? இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரையும் எச்சில் குறைவும் சேர்ந்த வாயில் அது சாதாரணம். குளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் எழுதித் தருவார்கள், புண் ஆறியதும் நிறுத்தாமல் சொன்ன நாள் முழுதும் தடவுங்கள்.

இனி பல் மருத்துவரிடம் போகும்போது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது மற்றவர்களுக்கு. உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். பூசும் வேலை ஐந்து நிமிடம்தான், அன்று இரவு வரை பல் தேய்க்காமல், கடினமானதைக் கடிக்காமல் இருக்க வேண்டும். அமிலத்தன்மை உள்ள ஃபுளோரைடு ஜெல் வேண்டாம், அது சிலவகை சிமென்ட் அடைப்புகளை அரிக்கும். உங்கள் அடைப்பு பெயர்ந்தது மருத்துவர் கைக்குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எச்சில் இல்லாத வாயில் அடைப்பின் ஓரத்திலேயே புதுச் சொத்தை தொடங்கி, பிடிமானம் போய்விடும். ஈறோரம் மறுபடி அடைக்கும்போது ஃபுளோரைடை மெதுவாக வெளியிடும் கிளாஸ் அயனோமர் வகையை, குறிப்பாக ரெசின் கலந்ததை, கேட்டுப் பாருங்கள். உள்ளே தள்ளி, வெளியில் தெரியாத பற்களில் சில்வர் டயமின் ஃபுளோரைடு 38 சதவீதம் தொட்டு வைத்தால் சொத்தை பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஊசி இல்லை, குடைச்சல் இல்லை. சொத்தை உள்ள இடம் கரி போலக் கறுத்துவிடும் என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. முன்பல்லுக்கு அது வேண்டாம் என்றுதான் பலரும் சொல்வார்கள், நியாயம்தான்.

மருந்தை மாற்றி, சர்க்கரை கட்டுக்குள் வந்து, இரண்டு மூன்று மாதமாகியும் அந்த 15 நிமிட அளவு 1.5 மி.லி.-யைத் தாண்டவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், விரல் மூட்டு வலி, காதுக்கு முன்னால் வீக்கம் ஆகியவை கூட இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். ஜோக்ரன் நோய் என்ற ஒன்று இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது. நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். இரத்தப் பரிசோதனையும், கண்ணில் காகிதப் பட்டை வைத்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் உதட்டின் உள்ளிருந்து சிறு துணுக்கு எடுப்பதும் உண்டு. மூட்டுவாத மருத்துவர் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் தாடைக்கடியில் ஒரு பக்கம் வீங்கி, பிறகு வடிந்தால் அது பெரும்பாலும் எச்சில் குழாயில் கல். காய்ச்சலோடு வீங்கி, வாயில் சீழ் போன்ற சுவை வந்தால் அன்றே போங்கள்.

கடைசியாக, எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்டுவது. வேண்டாம். சொத்தைத் தொல்லை போய்விடும் என்று தோன்றும், உண்மையில் இருப்பதிலேயே கடினமான வழி அது. மேல்செட் அண்ணத்தில் நிற்பதே செட்டுக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய எச்சில் படலத்தின் பிடிப்பால்தான். எச்சில் இல்லாவிட்டால் செட் பேசும்போதே கழன்று விழும், உராய்ந்து புண்ணாகும், அதற்கடியில் பூஞ்சை குடியேறும். கீழ்செட்டின் பாடு அதைவிட மோசம். ஐந்து பல்தான் கெட்டிருக்கிறது. மற்றவற்றைக் காப்பாற்றிக்கொண்டு, காப்பாற்ற முடியாததை மட்டும் எடுக்கலாம். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்ற பேச்சை, எச்பிஏ1சி 7-க்குப் பக்கத்தில் வந்து, எச்சில் கொஞ்சம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை யாராவது மொத்தமாக எடுத்துவிடலாம் என்று சொன்னால், இன்னொரு பல் மருத்துவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.